எண்பது நெல்லுக்கு ஒரு நங்கை

அடுத்த தடவை அவளைக் கொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கொல்லுங்க சார். பக்கத்து சீட்லதான் உட்கார்ந்திருக்கேன்.

முழிக்காதீங்க. இப்போ உங்க போன்ல ஒரு பொம்பளை 'ஆ'ன்னு கத்தினாளே, கத்திட்டு உடனே சிரிச்சாளே, அது நான். நெஜமாத்தான். செஞ்சு காட்டச் சொல்லாதீங்க, டாக்டர் பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்கான். பேசாம இருங்கன்னு சொல்ல வர்றவன் 'வாயைத் திறங்க, ஆ சொல்லுங்க'ங்கறான். அவன் படிச்ச படிப்பு அப்படி.

போனை உள்ள வைக்காதீங்க, நான் சண்டைக்கு வரலை. சண்டை போட வேண்டிய ஆளுங்க பாண்டிச்சேரியில இருக்காங்க, அங்கதான் போயிட்டிருக்கேன். நீங்க பாவம், விளையாடறவர். என்ன வயசு இருக்கும், நாப்பதா? நாப்பத்தி ரெண்டா. சரி. நாப்பத்தி ரெண்டு வயசுல ஒரு மனுஷர் காலையில பத்து மணிக்கு பஸ்ல உட்கார்ந்துகிட்டு கோட்டை பிடிக்கறார். நான் ஒண்ணும் சொல்லலை.

என் பேரு சந்திரமதி. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, அதுல உங்க தப்பு இல்லை. முப்பத்தோரு வருஷமா டப்பிங் பேசறேன். உங்க காலேஜ் நாள்ல எந்த நடிகையைப் பார்த்து உருகினீங்களோ, அந்தப் பொண்ணுக்குத் தமிழ்ல தண்ணி கேட்கத் தெரியாது. வாயை அசைக்கும். கண்ணீர் அவங்களது, அழுகை என்னுது. பேரு போடுவாங்க, இல்லைன்னு சொல்லலை. படம் முடிஞ்சு ஜனங்க எழுந்து பைக் சாவியைத் தேடிட்டிருக்கறப்போ போடுவாங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. மிருதுளான்னு பேரு. "மேடம், நாங்க பாண்டிச்சேரியில ஒரு கேம் பண்றோம், நான் அதுல சவுண்டு பார்க்கறேன், பழைய காலத்துச் சண்டை, அதுல ஒரு வீராங்கனைக்கு உங்க குரல் வேணும்"னுச்சு. எந்த வீராங்கனைன்னேன். "செங்காட்டு நங்கை மேடம், தெரியுமா?"ன்னுச்சு. எனக்குத் தெரியுமாவாம்!

சார், எங்க குடும்பம் நாடகக் குடும்பம். மதுரைப் பக்கம். செங்காட்டு நங்கை எங்க கம்பெனி நாடகம். எங்கம்மா இருபது வருஷம் நங்கை வேஷம் கட்டினா, அவளுக்கு மூட்டு போனப்புறம் நான் நாலு வருஷம் கட்டினேன். கதை தெரியுமா உங்களுக்கு? தெரியாது. ஆனா தினம் அவளைக் கொல்றீங்க. கேளுங்க. எண்ணூறு வருஷத்துக்கு முந்தின கதை. புருஷன் சண்டையில செத்துட்டான். கோட்டையைச் சுத்தி எதிரி. உள்ள இவளும் கொஞ்சம் ஜனமும். பத்தொன்பது நாள் தாக்குப் பிடிக்கறா. இருபதாம் நாள் பெரிய ஏரியோட கரையில ஏறி நின்னு அவளே மண்வெட்டியால உடைக்கறா. எதிரிப் படை மொத்தமும் தண்ணியில போச்சு. அவளும் போயிட்டா. போறதுக்கு முன்னாடி வசனம் பேசுவா பாருங்க, பதினோரு நிமிஷம். எங்கம்மா பேசினா முன்வரிசையில இருக்கற பீடிக்காரன் பீடியை அணைப்பான்.

அதனால அந்தப் பொண்ணு பேரைச் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். சரி, கடைசியில நம்ம நங்கைக்கு ஒரு காலம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். முப்பத்தோரு வருஷ அனுபவம் இருந்து என்ன, நானும் ஏமாந்தேன்.

போய் இறங்கினா, ஒரு பழைய வீட்டு மாடி. சுவரு பூரா ரஜாய்ப் போர்வையா ஆணியடிச்சு மாட்டியிருக்கு, அதுதான் ஸ்டூடியோவாம். அரை டிராயர் போட்டுக்கிட்டு நாலு பேர். ஒருத்தன் ஓனர், எவன்னு கண்டுபிடிக்க முடியலை, நாலு டிராயரும் ஒரே தினுசு. டைரக்டர் யாருன்னு கேட்டேன். டைரக்டர் இல்லையாம். சரி, படத்தைப் போடுங்க, வாயசைவு பார்க்கணும்னேன். படமும் இல்லையாம்! கையில ஒரு தாளைக் கொடுத்தாங்க. நம்பர், நம்பருக்கு நேரா ரெண்டு வார்த்தை, அதுக்கு நேரா எத்தனை செகண்டுன்னு. மளிகைக்கடை லிஸ்ட்ல கூட இன்னும் கொஞ்சம் விவரம் இருக்கும்.

"இவ யாரைப் பார்த்துப் பேசறா?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? புருஷன்கிட்ட பேசற குரல் வேற, எதிரிகிட்ட பேசற குரல் வேற. ஒரு டிராயர் சொல்றான், "யாரு கிளிக் பண்றாங்களோ அவங்களைப் பார்த்து மேடம்." 

அப்புறம்தான் மெதுவா விளக்கினாங்க. செங்காட்டு நங்கை ஒரு ஆளே இல்லையாம். ஒரு யூனிட்டாம். அதாவது கொட்டகை மாதிரி ஒண்ணு கட்டணுமாம், எண்பது நெல்லும் நாப்பது மரமும் கொடுத்தா இருபத்தி ரெண்டு செகண்ட்ல அதுக்குள்ள இருந்து ஒரு நங்கை வெளிய வருவாளாம். இன்னொரு எண்பது நெல்லு கொடுத்தா இன்னொரு நங்கை. நெல்லு இருக்கற வரைக்கும் நங்கை. ஒரு கோட்டை வாசல்ல இருபது நங்கை வரிசையா நிக்கலாம்னு சந்தோஷமாச் சொல்றான். ஏம்ப்பா, எண்ணூறு வருஷத்துல ஒருத்திதான் அப்படிப் பொறந்தான்னு அவளுக்கு நாடகம் போட்டோம், நீ இருபது பேரை வரிசையில நிக்க வைக்கறியே, ரேஷன் கடையான்னு கேட்டேன். சிரிச்சான். நான் கேட்டது சிரிக்கறதுக்கில்லை.

அதுவும் குதிரை மேல! கையில வேல்! "அவ எங்கேடா குதிரை ஏறினா, அவ கையில இருந்தது மண்வெட்டி"ன்னேன். "ஏரி உடையற மாதிரி காட்டறது கஷ்டம் மேடம், குதிரை ஏற்கெனவே பண்ணி வச்சிருக்கோம்"னான். பண்ணி வச்ச குதிரை வீணாப் போகக்கூடாதுன்னு ஒரு பொம்பளையோட சரித்திரத்தையே மாத்திட்டாங்க. 

லிஸ்ட்ல முதல் வரி, "சொல்லுங்கள் அரசே." யாரு அரசே? விளையாடறவன். லுங்கியைக் கட்டிக்கிட்டு குப்புறப் படுத்திருக்கறவன். உங்களைச் சொல்லலை சார், நீங்க பேன்ட் போட்டிருக்கீங்க. செங்காட்டு நங்கை ஒருத்தனையும் அரசேன்னு கூப்பிட்டவ இல்லை, அவதான் அந்தக் கோட்டைக்கு எல்லாம், இதை நான் பேசமாட்டேன்னுட்டேன். நாலு டிராயரும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிச்சு. அந்த மிருதுளா மட்டும், "அப்போ அவங்க என்ன சொல்லுவாங்க மேடம்?"னு கேட்டுச்சு. "என்ன?ன்னு கேட்பா. அவ்வளவுதான்"னேன். அப்படியே பேசிக் கொடுத்தேன். வச்சுக்கிட்டாங்க. 'என்ன?' அவ்வளவுதான். அதுவும் நல்லதுன்னு பட்டு வச்சிருக்க மாட்டாங்க, ரெண்டு வார்த்தைக்கு ஒரு வார்த்தை மிச்சம்.

என்ன சார்? உங்களுக்கு அந்த 'என்ன?' பிடிக்குமா? உங்க சம்சாரமும் அப்படித்தான் கேட்பாங்களா. இருக்கட்டும்.

நாள் பூரா பேசினேன். நடக்கறதுக்கு ஒரு குரல், வெட்டறதுக்கு ஒரு குரல், அம்பு பட்டா ஒண்ணு, குதிரையில இருந்து விழுந்தா ஒண்ணு. கடைசியில வந்துச்சு சாவு. லிஸ்டைப் பார்த்தா, ஒண்ணரை செகண்ட். பதினோரு நிமிஷம் பேசிட்டுச் சாகற பொம்பளை சார்! ஒண்ணரை செகண்ட்ல ஒழுங்காத் தும்ம முடியுமா? ஏன்னு கேட்டா, "நிறைய பேர் சாவாங்க மேடம், நீளமா இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடும்"ங்கறான். இருபது நங்கையும் ஒண்ணாச் சாகறப்போ நெரிசல் ஆகிடுமாம்.

பேசினேன். தொழில். மூணு டேக் கொடுத்தேன். மூணாவது நல்லா வந்தது, எனக்கே உடம்பு சிலிர்த்தது. "ஓகே மேடம், முடிஞ்சுது"ன்னு மிருதுளா மைக்கை அணைக்கப் போச்சு. "முடியலை, அணைக்காதே"ன்னேன்.

இது உங்களுக்குப் புரியணும் சார், இதுலதான் எல்லாமே இருக்கு. எங்க தொழில்ல செத்த காட்சி எடுத்தா அதோட விடமாட்டாங்க. சினிமாவுல மாலை போட்ட போட்டோ எடுப்பாங்க இல்லையா, அந்த ஆளை அப்புறம் ஒரு தடவை சிரிக்க வச்சும் எடுத்துடுவாங்க. செத்தது வேஷம்தான், ஆள் நல்லா இருக்கார்னு. எங்க கம்பெனியில இன்னும் கெட்டி. படுதாவுக்குப் பின்னாடி வந்ததும், பொட்டு அழிக்கறதுக்கு முன்னாடி, ஆர்மோனியக்காரர் "யாரு?"ன்னு கேட்கணும். செத்தவங்க சொந்தப் பேரைச் சொல்லி வாய்விட்டுச் சிரிக்கணும். அப்புறம்தான் தண்ணி கூடக் குடிக்கலாம். எங்கம்மா காய்ச்சல்ல கூட இதை விட்டதில்லை.

நான் ஒரு தடவை விட்டேன். ஒரே தடவை. பதிமூணு வருஷம் ஆச்சு. ஒரு சீரியல், கதாநாயகி லாரியில அடிபட்டுச் சாகறா. டைரக்டர் ஒரு அவசரக் குடுக்கை, அன்னிக்கு ராத்திரிக்கே ஒளிபரப்பணுமாம். பேசி முடிச்சதும் அடுத்த ஆளை உள்ள தள்ளிட்டான். நானும் சரி, வீட்டுக்குப் போய் சிரிச்சுக்கலாம்னு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா கேஸ் தீர்ந்துபோச்சு, மறந்தே போச்சு. மூணாம் நாள் என் வீட்டுக்காரர் போயிட்டாரு. கஜேந்திரன்னு பேரு, தபேலா வாசிப்பாரு. காபி கொண்டு வர்றேன்னு அடுக்களைக்குப் போனேன், திரும்பி வந்தா நாற்காலியில சாய்ஞ்சு இருக்காரு. அந்த மனுஷனுக்கு எல்லாத்துலயும் அவசரம், தாளத்துலயும் அவசரம்தான், எத்தனை தடவை சொல்லியிருக்கேன். ஒரு காபி ஆத்தற நேரம் பொறுத்திருக்கலாம். எனக்கு அவர் மேல இன்னும் கோவம் தீரலை சார். என் மேலயும்.

மூடநம்பிக்கைன்னு நீங்க மனசுக்குள்ள சொல்றது எனக்குக் கேட்குது. சொல்லிக்கங்க. 

அதனால மைக்கை அணைக்காதேன்னேன். "யாருன்னு கேளு"ன்னு மிருதுளாகிட்ட சொன்னேன். அது முழிச்சுது. "கேளும்மா!"ன்னேன். "யாரு?"ன்னுச்சு. "சந்திரமதி!"ன்னு சொல்லி நல்லா சிரிச்சேன். டிராயரெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பயந்து போச்சு, பாட்டிக்கு ஏதோ ஆகிடுச்சுன்னு. அப்புறம் அந்தப் பொண்ணு மட்டும் தண்ணி கொண்டு வந்து கொடுத்துட்டு ஏன் மேடம்னு கேட்டுச்சு. சொன்னேன். கஜேந்திரன் விஷயம் உட்பட எல்லாம் சொன்னேன். மணிக்கணக்காக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. வேற வேலை இல்லை போல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டு வந்து விட்டுச்சு, வழியெல்லாம் கேள்வி. அந்த ஆர்மோனியக்காரர் பேரு என்ன, உங்கம்மா எப்படிச் சிரிப்பாங்கன்னு. 

கேளுங்க இப்போ. போன வருஷம் ஆடி மாசம் எங்க வீட்டு மாடியில ரெண்டு ஐ.டி. பசங்க குடி வந்தாங்க. பெரிய டிவி, அதை விடப் பெரிய ஸ்பீக்கர். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு சாப்பிட்டுட்டு இருக்கேன், மேல இருந்து என் சாவு கேட்குது. அட, நம்ம நங்கைன்னு நினைச்சு முடிக்கலை, அடுத்த செகண்ட் என் சிரிப்பு! நான் என் உயிருக்காகச் சிரிச்ச சிரிப்பு சார்! அதை எடுத்துச் சாவோட ஒட்டி வச்சிருக்காங்க. 'சந்திரமதி'யைக் காணோம். பேரை வெட்டிட்டுச் சிரிப்பை மட்டும் வச்சுக்கிட்டாங்க. என் பேரை வெட்டறதுன்னா மட்டும் எல்லாருக்கும் கை சுத்தமா வரும்.

சாவு, சிரிப்பு. சாவு, சிரிப்பு. சோறு இறங்கலை. மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஒருத்தன் திறந்தான். அவனுக்குப் பின்னாடி டிவியில பச்சைப் பசேல்னு ஏதோ ஓடிட்டு இருந்தது, நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சத்தத்தைக் குறைன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். அந்தக் கண்றாவியை நான் இன்னிவரைக்கும் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன். முப்பத்தோரு வருஷம் படத்தைப் பார்த்துத்தான் பேசினேன். படமே காட்டாம என்கிட்ட வேலை வாங்கினவங்களோட படத்தை நான் எதுக்குப் பார்க்கணும்?

இல்லை சார், போனைக் காட்டாதீங்க. சொல்றேன் இல்லையா. நான் முடிச்சுக்கறேன், அப்புறம் நீங்க பேசுங்க.

ஐப்பசியில தொண்டை கட்டுச்சு. பனின்னு நினைச்சேன். மிளகு, அதிமதுரம், எல்லாம் ஆச்சு. தை பிறந்தும் சரியாகலை. டாக்டர் மூக்கு வழியா ஒரு குழாயை விட்டுப் பார்த்துட்டு, குரல் வர்ற இடத்துலயே ஒரு கட்டி இருக்குன்னான். என்ன கட்டின்னு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியுமாம். வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். "குரல் பழையபடி வருமா?"ன்னு கேட்டேன். "அதை அப்புறம் பார்ப்போம், முதல்ல நீங்க எழுந்து வாங்க"ன்னான். எப்படிப் பேசறான் பாருங்க. 

கணக்குப் போட்டுப் பாருங்க சார். ஊரு பூரா எத்தனை பேர் இதை விளையாடறாங்க? லட்சமா? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து நங்கை செத்தா? ஒரு சாவுக்கு ஒரு சிரிப்புன்னு நான் கட்டி வச்சது. அந்தச் சிரிப்பை அவங்க சாவுக்கே தீனியாப் போட்டா எனக்குன்னு என்ன மிச்சம் இருக்கும்? எனக்குப் பயமா இருக்கு. வேற யார்கிட்டயும் சொல்லலை, இறங்கிப் போற ஆள்ங்கறதால உங்ககிட்ட சொல்றேன்.

போன் பண்ணினேன் அந்தப் பொண்ணுக்கு. திட்டினேன். "மேடம், நீங்க ஒரு தடவை விளையாடிப் பாருங்க, ப்ளீஸ், அது வந்து"ன்னு ஆரம்பிச்சுச்சு. எனக்கு விளையாடற வயசாடின்னு வச்சுட்டேன். திரும்பக் கூப்பிட்டுச்சு, எடுக்கலை. வீடியோவோ என்னமோ அனுப்பிச்சு, திறக்காமயே அழிச்சேன். ரிஜிஸ்டர் தபால்ல ஓனருக்கு நேரா எழுதிப் போட்டேன், என் சிரிப்பை எடுக்கலைன்னா வக்கீலைப் பார்ப்பேன்னு. வக்கீல்னதும் டிராயருக்குள்ள கால் நடுங்கிருக்கும். பதில் வந்துடுச்சு. எடுத்துடறாங்களாம். நாளைக்குப் புதுசா ஒண்ணு வெளிய விடறாங்களாம், அதுல சிரிப்பு இருக்காதாம். ஆனா அந்த இடத்துல வேற சாவு வேணுமாம், தனியா எடுத்த டேக்கெல்லாம் அழிஞ்சு போச்சாம், இருக்கறதுல சிரிப்பு ஒட்டி இருக்கறதால சுத்தமா வெட்ட வரலையாம். வந்து ஒரே ஒரு சத்தம் கொடுத்துட்டுப் போங்கன்னாங்க. அதுக்குத்தான் போறேன். சாவு மட்டும். சிரிப்பு இல்லாம. ஒண்ணரை செகண்ட். கொடுத்துத் தொலைச்சுட்டு, நிம்மதியா வியாழக்கிழமை போய்ப் படுப்பேன்.

டாக்டர்கிட்ட சொல்லலை. சொன்னா கத்துவான். அவன் தொண்டை நல்லா இருக்கு, கத்தட்டும்.

ஜெயிச்சுட்டேன் சார். மரக்காணம் வந்துடுச்சா? உப்பளம் தெரியுதே. அப்போ இன்னும் ஒரு மணி நேரம் கூட இல்லை. இப்போ நீங்க பேசுங்க, ரொம்ப நேரமா வாயைத் திறந்து திறந்து மூடறீங்க.

என்னது?

சிரிப்பை எடுத்துட்டா அவ எழுந்திரிக்க மாட்டாளா? யாரு எழுந்திரிக்க மாட்டா?

புரியலை. திரும்பச் சொல்லுங்க. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். கொடுங்க அந்தக் கருமத்தை.

இதுவா நங்கை? மூக்குத்தி போட்டிருக்காளே. எங்கம்மா போடற மாதிரி இடது பக்கம். யாரு சொன்னா இவங்களுக்கு? நான் சொன்னேனா? வண்டியில போறப்போ சொல்லியிருப்பேன். சரி, நடத்துங்க. அவங்க அம்பு விடறாங்க. விழுந்துட்டா. கத்தறேன். சிரிக்கறேன். அதான் தெரியுமே, இதுல என்ன...

சார். கையை ஊணறா.

எழுந்திரிக்கறா சார்.

அந்தப் பக்கம் செத்தவங்க எல்லாம் அப்படியே கிடக்கறாங்களே? அவங்க எழுந்திரிக்க மாட்டாங்களா? குதிரைக்காரன்? யானை? ராஜா கூடவா? ராஜாவே எழுந்திரிக்க மாட்டானா! இவ மட்டும்தானா? சிரிக்கறதாலதான் எழுந்திரிக்கறாளா, இல்லை எழுந்திரிக்கறதால சிரிக்கறாளா? கீழ என்னமோ எழுதியிருக்கே, பெருசு பண்ணுங்க. "நங்கை சிரித்தால் சாவு விலகும்." இதை யாரு எழுதினது? டிராயருக்கு இவ்வளவு வராது.

அடிப் பாவி மிருதுளா. சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்லையா? வாயில என்ன கொழுக்கட்டையா?

சொல்ல வந்தாதான். மூணு தடவை சொல்ல வந்தா. நான்தான் வச்சேன். சரி. சரி சார், அப்படிப் பார்க்காதீங்க. நான்தான் வச்சேன்.

என் சிரிப்பை யாரும் திங்கலையா அப்போ? ஒவ்வொரு தடவையும் எழுப்பி விட்டுச்சா? எத்தனை பேர் போன்ல? லட்சம்னு நானே சொன்னேன் இல்லையா. அதை நிறுத்தச் சொல்லி நானே ரிஜிஸ்டர் தபால் போட்டிருக்கேன். சிரிப்பில்லாத சாவு ஒண்ணைக் கொடுக்க நானே டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கேன், ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னாடி. என்னை மாதிரி ஒரு முட்டாளை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.

போன் போடணும். இந்தாங்க என் போன், மிருதுளான்னு இருக்கும். இல்லை, 'டிராயர் பொண்ணு'ன்னு போட்டு வச்சிருக்கேன், அதை அமுத்துங்க. எனக்குக் காத்துதான் வருது, குரல் போயிடுச்சு, காலையில இருந்து பேசிட்டே வந்ததுல. நீங்க பேசுங்க. நான் வாயசைக்கறேன், நீங்க சத்தமாச் சொல்லுங்க. சிரிக்காதீங்க, முப்பத்தோரு வருஷம் நான் மத்தவங்களுக்குச் செஞ்சதுதான். ஒரு நாள் எனக்கு ஒருத்தர் செஞ்சா ஆகாதா?

எடுத்துட்டாளா? சொல்லுங்க. "சந்திரமதி மேடம் பக்கத்துல இருக்காங்க." ம். "சிரிப்பை எடுக்க வேண்டாம்." ரெண்டு தடவை சொல்லுங்க, அவ வேற என்னமோ பண்ணிட்டு இருப்பா. "எடுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்." என்ன சொல்றா? ராத்திரியே எடுத்து வச்சுட்டாங்களா? ஐயையோ. திரும்ப வைக்க முடியுமான்னு கேளுங்க. கேளுங்க சார்!

முடியுமா? இன்னும் வெளிய விடலையா? சத்தியமாவா?

அழறாளா? எதுக்கு இப்போ அழறா. அழ வேண்டாம்னு சொல்லுங்க, மைக் பக்கத்துல ஈரம் ஆகாது. நான் வண்டி ஏறி வந்துட்டேன், திரும்பிப் போகமாட்டேன், வந்து அவ கையால ஒரு காபி குடிச்சுட்டுப் போறேன்னு சொல்லுங்க. நல்ல காபியா இருக்கணும்னும் சொல்லுங்க. வச்சுடுங்க. போதும்.

நல்லாத்தான் பேசினீங்க. 'வேண்டாம்'ல கொஞ்சம் அழுத்தம் பத்தலை. பரவாயில்லை, முதல் தடவைதானே.

அந்தப் போனை இன்னொரு தடவை காட்டுங்க. விழ வைங்க. ம், அம்பு வரட்டும். அதோ, கையை ஊணறா. எழுந்து நின்னு திரும்பிப் பார்க்கறா பாருங்க, 'என்ன?'ங்கற மாதிரி. ஒரே ஆளு எத்தனை தடவை இப்படி எழுந்திரிப்பா?

ஒரே தடவைதானா? அடுத்த தடவை விழுந்தா விழுந்ததுதானா? எவ்வளவு கஞ்சத்தனம் பாருங்க. எண்பது நெல்லு வாங்கறாங்க, ஒரு தடவைக்கு மேல எழுந்திரிக்க விடமாட்டாங்களாம்.

போகட்டும் சார். ஒரு தடவை போதும். வியாழக்கிழமை எனக்கும் ஒரு தடவைதான் எழுந்திரிக்கணும்.